ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரோடு முதல் ட்ராக் டே: இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பும் முன் தெரிய வேண்டியவை

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் அன்று என் மூன்றாவது செஷன், அதாவது ட்ராக்கில் இறங்கி ஓட்டும் மூன்றாவது முறை. நேர்ப்பாதையின் கடைசியில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி பாதி தூரம் இறங்கியது, கார் வேகம் குறையவில்லை. விட்டு மறுபடி மிதித்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது. அதற்குள் வளைவு தாண்டிப் போய்விட்டது. கார் மண்ணில் இறங்கி, புழுதிக்கு நடுவில் நின்றது. எனக்கு அடியில்லை, காருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு மட்டும் உடைந்தது.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தபோது மூன்று விஷயங்கள் புரிந்தன. என் காரில் இருந்த பிரேக் ஆயில் மூன்று வருடப் பழசு. நாள் முழுக்க கியரை டி-யிலேயே (டிரைவ்) விட்டு ஓட்டியிருக்கிறேன். கார் மதில் மேல் மோதியிருந்தால் இன்சூரன்ஸில் ஒரு ரூபாய் கிடைத்திருக்காது. இந்த மூன்றையும் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் அந்த மண்ணில் இறங்கியிருக்க மாட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொந்தமாக ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரோ, வேகமான செடானோ, ஹேட்ச்பேக்கோ வைத்திருந்து, ஒரு நாளாவது ட்ராக்கில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கான வழிகாட்டி இது. சொந்தக் காரைப் போட்டியில்லாமல் ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாளைத்தான் ட்ராக் டே என்பார்கள். போட்டியில் இறங்குவதற்கான வழி வேறு. கிளட்ச் இல்லை, கியர் போடும் வேலை இல்லை, அதனால் சுலபம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். கியரைக் கார் பார்த்துக்கொள்ளும். சூட்டை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. முதலில் இன்சூரன்ஸ் பாலிசியைப் படியுங்கள்

பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில் வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் விலக்கப்பட்டவற்றின் வரிசையில் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை ஆகியவை இருக்கும். 'ட்ராக் டே பந்தயம் இல்லையே' என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் ட்ராக்கில் மோதிய காருக்கு இழப்பீடு வராது என்று எண்ணிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பம்பர் டு பம்பர், ஜீரோ டெப் என எந்தக் கூடுதல் காப்பை எடுத்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

கூடவே இன்னும் மூன்றைப் பாருங்கள். உங்கள் தனிநபர் விபத்து பாலிசியிலும் மருத்துவக் காப்பீட்டிலும் ஆபத்தான விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கார் வாரண்டியிலும் பந்தயப் பயன்பாட்டுக்கு விலக்கு இருப்பது வழக்கம். கார் லோனில் இருந்தால், வண்டி நொறுங்கினாலும் தவணை நிற்காது.

ஒரு எச்சரிக்கை. 'ஏதாவது ஆனால் வண்டியை ஹைவேயில் கொண்டுபோய் நிறுத்தி, ரோட்டில் இடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்' என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். அது மோசடி. உங்கள் மேல் வழக்கு வரக்கூடிய விஷயம். அன்றைய ட்ராக்கில் பத்து கேமரா ஓடிக்கொண்டிருக்கும், கையெழுத்துப் போட்ட பதிவேடும் இருக்கும். காரின் பெரிய சேதத்தைச் சொந்தக் காசில் தாங்க முடியாது என்றால் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன்.

2. உங்கள் கியர்பாக்ஸ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. ட்ராக்கில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சூடேறும்.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் சுழன்று விசையைக் கடத்துகிறது. பி.எம்.டபிள்யூ. எம்340ஐ போன்ற கார்களில் இருக்கும் இசட்.எஃப். எட்டு கியர் பெட்டி இந்த வகை. ஓட்டத்தில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதால் சூடு குறையும். ஆனாலும் செஷன் முழுக்க அழுத்தி ஓட்டினால் கியர் ஆயிலின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும்.

இரட்டை கிளட்ச் வகையில் இரண்டு உண்டு. போர்ஷே 718 கேமனின் பி.டி.கே., ஆக்டேவியா ஆர்.எஸ். 230-ன் ஆறு கியர் டி.எஸ்.ஜி. ஆகியவற்றில் கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடி இருக்கும். ட்ராக்குக்கு இவை நன்றாகத் தாங்கும். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., விர்ட்டஸ் ஜி.டி.-யின் ஏழு கியர் டி.எஸ்.ஜி., ஹூண்டாய் ஐ20 என் லைனின் டி.சி.டி. ஆகியவற்றில் கிளட்ச் உலர்ந்தது. வேகமாக ஓடும்போது இதற்கும் பிரச்சினை குறைவு. பிட் (ட்ராக் ஓரத்தில் கார்கள் வந்து நிற்கும் இடம்) வரிசையில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால்தான் கிளட்ச் தேய்ந்து சூடாகும். முன்னால் இருக்கும் காருக்கு இடம் விட்டு நின்று, ஒரே நகர்வாகப் போங்கள்.

கியர் படிகளே இல்லாத சி.வி.டி. பெட்டி உள்ள காரை ட்ராக் டேக்குக் கொண்டுபோக நான் சொல்ல மாட்டேன்.

கையேட்டில் இன்னும் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். மேனுவல் முறையில் ஓட்டும்போது இன்ஜின் சுற்று மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தொட்டால் கார் தானே அடுத்த கியருக்குப் போகுமா, அல்லது நீங்கள் பேடிலை (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பிடி) இழுக்கும்வரை அங்கேயே முட்டிக்கொண்டு நிற்குமா? ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை மிதித்தால் மேனுவல் முறையிலும் கிக்டவுன் ஆகுமா, அதாவது தானே கீழ் கியருக்கு இறங்குமா? காருக்குக் கார் இது மாறும். வளைவுக்கு நடுவில் இதைக் கண்டுபிடிப்பது நல்லதில்லை.

3. இடம், பதிவு, காகிதங்கள்

தமிழ்நாட்டில் கார் ட்ராக் டேக்கு முக்கியமான இடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். பழகியவர்கள் இன்னும் எம்.எம்.ஆர்.டி. என்றுதான் சொல்வார்கள். நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர். வேகம் குறைவு என்பதால் அது புதியவர்களுக்கு நல்லது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் நேர்ப்பாதைகள் குட்டையாக இருப்பதால் பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்காது. வடக்கே கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்க்யூட்டின் பின்பக்க நேர்ப்பாதை மட்டுமே ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

ட்ராக் டேக்களை சர்க்யூட்டை வாடகைக்கு எடுக்கும் குழுக்களும் கார் கிளப்களும் நடத்துவார்கள். பதிவு தொடங்கியதும் வார இறுதி நாட்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். பணம் கட்டும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒரு செஷன் எத்தனை நிமிடம், எத்தனை செஷன், ஒரே நேரத்தில் எத்தனை கார், புதியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டா, பயிற்சியாளர் பக்கத்தில் உட்காருவாரா, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நாள் முழுக்க நிற்குமா, மழையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா. கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். ஒரு ஐப்பசி மழையில் நாள் ரத்தாகி, கட்டிய பணம் இன்றுவரை திரும்ப வரவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் காரும் தாங்காது, ஆளும் தாங்க மாட்டார். ஜனவரி, பிப்ரவரி தேதி கிடைத்தால் விடாதீர்கள்.

கொண்டுபோக வேண்டிய காகிதங்கள்: ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. மூலமோ டிஜிலாக்கரோ எது செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார் அப்பா பேரிலோ நண்பர் பேரிலோ இருந்தால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்கலாம், முன்பே வாங்கி வையுங்கள். ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண் இரண்டையும் படிவத்தில் எழுதச் சொல்வார்கள். போட்டிக்கென்றால் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.-யின் லைசென்ஸ் வேண்டும். சாதாரண ட்ராக் டேக்கு என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் குழுவிடம் ஒரு வார்த்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றபடி யாரும் அதைப் படிப்பதில்லை. இரண்டு நாள் முன்னாலேயே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிப் படியுங்கள். தடுப்பு, டயர் சுவர் போன்றவற்றை நீங்கள் சேதப்படுத்தினால் அதற்கான செலவு உங்களுடையது என்ற வரி அதில் இருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள்.

கன்வெர்ட்டிபிள் கார் வைத்திருப்பவர்களுக்கு: கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் இல்லாவிட்டால் சில குழுக்கள் அனுமதிக்காது. பதிவுக்கு முன்னால் கேளுங்கள்.

4. இரண்டு வாரம் முன்: பிரேக் ஆயில், பேட், டயர்

நேரமும் காசும் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பகுதியை மட்டும் செய்யுங்கள்.

1,600 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீட்டரில் இருந்து 80-க்கு வருவதற்குள், கிட்டத்தட்ட நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு பிரேக்கில் இறங்குகிறது. அதுவும் மூன்று நான்கு விநாடிகளில். ஒரு சுற்றில் இப்படிப் பல இடங்கள். அந்தச் சூடு டிஸ்க்கில் இருந்து அதைக் கவ்வும் பேடுக்கும், பேடில் இருந்து பிரேக் ஆயிலுக்கும் போகும். ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் பெடலை மிதிக்கும்போது அந்தக் குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. எனக்கு நடந்தது அதுதான்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதற்கு விதி கேட்பது 155 டிகிரிதான். சென்னைக் காற்றின் ஈரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டாட் 5.1-க்கு இந்த அளவுகள் 260, 180. பந்தயத்துக்கென்றே விற்கும் ஆயில்களில் புதிதாக இருக்கும்போது 300-க்கு மேல் போகும். முதல் நாளுக்கு நல்ல டாட் 4 அல்லது 5.1 போதும், ஆனால் முழுக்க வடித்துப் புதிதாக மாற்றியிருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் 'டாப் அப் பண்ணிட்டோம் சார்' என்றால் ஏற்காதீர்கள், நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை வெளியேற்றினார்களா என்று நின்று பாருங்கள். ஒரு பொறி கவனியுங்கள்: டாட் 5 என்று ஒன்று உண்டு. அது சிலிகான் ஆயில். 5.1-க்கும் அதற்கும் உறவில்லை. நம் கார்களில் ஊற்றக் கூடாது.

பேடில் பாதிக்கு மேல் கனம் இருக்க வேண்டும். மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்கு அனுப்பிவிடும். புது பேட் போட்டால் இரண்டு வாரம் ரோட்டில் ஓட்டிப் படிய வைத்துவிட்டுப் போங்கள்.

டயரில் வெடிப்பு, புடைப்பு, ஆணி எதுவும் இருக்கக் கூடாது. வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் எந்த வாரம், எந்த வருடம் என்று இருக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் ஆழமாக இருந்தாலும் நான் ட்ராக்கில் இறக்க மாட்டேன். பஞ்சர் ஒட்டிய டயரும் வேண்டாம். கியர் ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் நெருங்கியிருந்தால் ட்ராக் டேக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

5. முந்தின நாள் இரவு

காரை முழுக்கக் காலி செய்யுங்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக், குடை, தண்ணீர் பாட்டில், ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதி எல்லாம் வெளியே வரட்டும். உருண்டு வரும் ஒரு பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் போதும். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரையும் எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, வந்து மறுபடி வையுங்கள். ட்ராக்கில் ஒட்டு விட்டுவிடும், கண்ணாடிப் பக்கம் பறக்கும்.

காரைக் கட்டி இழுக்க உதவும் டோ ஹூக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது எங்கே இருக்கிறது, பம்பரில் எங்கே திருக வேண்டும் என்று ஒரு தடவை செய்து பாருங்கள். ஆட்டோமேட்டிக் கார் வழியில் நின்றால் அதை என்-க்கு மாற்றாமல் இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும். பேட்டரி செத்துவிட்டால் எலக்ட்ரானிக் கியர் பி-யிலேயே பூட்டிக்கொள்ளும். உங்கள் காரில் அதை எப்படி விடுவிப்பது என்று கையேட்டில் பார்த்து, மார்ஷலிடம் (ட்ராக்கின் பாதுகாப்பு ஊழியர்) சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தூரம் போக வேண்டுமென்றால் தட்டையான தளம் உள்ள மீட்பு வண்டிதான்.

முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்.ஏ. தரம் வாங்கலாம், அதில் தீ தாங்கும் உள்துணி இருக்கும். பைக் ஹெல்மெட்டை ஏற்றுக்கொள்கிற குழுக்களும் உண்டு, கேளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு உங்கள் காரில் உட்கார்ந்து பாருங்கள். என் தலை கூரையில் இடித்தது, சீட்டை இரண்டு விரல் இறக்க வேண்டியிருந்தது. முழுக்கை பருத்திச் சட்டை, பேன்ட், அடி மெலிந்த ஷூ. செருப்பு கூடாது. டயர் காற்றழுத்தம் பார்க்கும் கருவி, சின்ன காற்று பம்ப், வீல் நட்டுக்கு டார்க் ரென்ச், சக்கரத்துக்கு அடைகொடுக்க இரண்டு கட்டை, ஐந்து லிட்டர் குடிதண்ணீர், உப்புச்சர்க்கரைப் பொட்டலம். டேங்க் நிரப்பிக்கொள்ளுங்கள்.

6. காலை: சோதனை, பிரீஃபிங், கொடிகள்

ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஐந்தரைக்காவது சென்னையை விட்டுக் கிளம்புங்கள். பூந்தமல்லி தாண்டி கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் நேரத்தில் ரோட்டை நிறைத்துவிடும். ஓட்டும் முன் விதிகளைச் சொல்லும் பிரீஃபிங்கைத் தவறவிட்டால் ட்ராக்கில் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

கொடிகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து: வேகத்தைக் குறையுங்கள், யாரையும் முந்தாதீர்கள். சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்குத் திரும்புங்கள். திடீரென்று பிரேக் அடித்து நிற்காதீர்கள், பின்னால் கார் வரும். நீலம் என்றால் உங்களைவிட வேகமான கார் பின்னால் இருக்கிறது, வழி விடுங்கள். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் வழுக்கும். கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் பிட்டுக்கு வாருங்கள். கட்டம் போட்ட கொடி செஷன் முடிந்ததற்கு.

எங்கே முந்தலாம், எந்தப் பக்கம் முந்தலாம் என்பதைப் பிரீஃபிங்கில் சொல்வார்கள். புரியாவிட்டால் கை தூக்கிக் கேளுங்கள். எனக்கு அன்று கூச்சம், கேட்கவில்லை. முதல் செஷனில் இரண்டு தடவை தவறான பக்கம் ஒதுங்கினேன்.

வண்டியில் ஏறியதும் ஆட்டோ ஸ்டார்ட் ஸ்டாப்பை அணையுங்கள். தானாகப் பிரேக் போடும் ஏடாஸ் வசதி இருந்தால் அதையும் லேன் உதவியையும் அணையுங்கள். முன்னால் ஒரு கார் நெருங்கினால் அது வளைவில் உங்களைக் கேட்காமல் பிரேக் போட்டுவிடும். கார் சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி.-யை மட்டும் தொடாதீர்கள். முதல் நாளில் அதை அணைக்கச் சொல்லும் நண்பர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

7. ட்ராக்கில் ஆட்டோமேட்டிக்கை ஓட்டும் விதம்

டி-யில் ஏன் ஓட்டக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டி-யின் கணக்கு பெட்ரோல் சேமிப்பு. நீங்கள் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் அது மேல் கியருக்குத் தாவும். இன்ஜின் பிடித்து இழுப்பது போய்விடும், முழு வேலையும் பிரேக்கின் தலையில் விழும். பிறகு வளைவின் நடுவில் மறுபடி மிதித்தால் கார் இரண்டு கியர் கீழே இறங்கி ஒரு குலுக்கு குலுக்கும். ஓரம்வரை சாய்ந்திருக்கும் காருக்கு அந்தக் குலுக்கல் போதும், டயர் பிடியை விட்டுவிடும்.

முதல் செஷனை எஸ்-ல் (ஸ்போர்ட்) ஓட்டுங்கள். எஸ் முறையில் கியர் கீழேயே நிற்கும், பிரேக் போடும்போது தானே இறங்கும். கியரைப் பற்றி யோசிக்காமல் பாதையை மட்டும் படியுங்கள்: எங்கே திரும்ப வேண்டும், எங்கே உள் ஓரத்தைத் தொட வேண்டும், மார்ஷல்கள் எங்கே நிற்கிறார்கள். நேர்ப்பாதை முடிவில் வரும் முதல் வளைவை, சி ஒன் என்பார்கள், மிகுந்த மரியாதையோடு அணுகுங்கள். பழகியவர்கள் அதில் போகும் வேகத்தைப் பார்த்து அதையே செய்ய முயலாதீர்கள். நான் மண்ணில் இறங்கியது அங்கேதான்.

இரண்டாவது செஷனில் இருந்து பேடிலை இழுத்து நீங்களே கியர் மாற்றுங்கள். வரிசை இதுதான்: நேராக இருக்கும்போதே பிரேக், வேகம் குறையக் குறைய ஒவ்வொரு கியராகக் கீழே, அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங். பேடிலை அவசரப்பட்டு இழுத்தால் இன்ஜின் சுற்று எல்லை தாண்டும் என்று கியர்பாக்ஸ் மறுத்துவிடும். நீங்கள் இறங்கிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள், வளைவில் ஒரு கியர் மேலே இருப்பீர்கள். சில கார்களில் மீட்டரில் ஒரு சின்ன மின்னல் மட்டும் வரும், சிலவற்றில் அதுவும் இல்லை. அதனால் பிரேக்கை முழுக்க அழுத்தி ஒரு நொடி கழித்து முதல் இழுப்பு, சுற்று ஏறி இறங்கிய பிறகு அடுத்தது. எந்த வளைவுக்கு எந்த கியர் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பழகினால் இன்னும் நல்லது.

வளைவுக்குள் கியர் மாற்றாதீர்கள். பல கார்களில் பேடில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும். சக்கரத்தைத் திருப்பிய நிலையில் வலது எது இடது எது என்று கை குழம்பும், மேலே போக வேண்டிய இடத்தில் கீழே இழுத்துவிடுவீர்கள். மேல் கியருக்குப் போகும்போது சிவப்புக் கோட்டுக்குச் சில நூறு சுற்றுகள் முன்னாலேயே இழுங்கள். டார்க் கன்வெர்ட்டர் பெட்டிகளில் விரலுக்கும் கியருக்கும் நடுவில் ஒரு கணம் தாமதம் உண்டு.

பிரேக்கைப் பொறுத்தவரை, தொட்டுத் தொட்டு நீளமாகப் பிடிப்பதுதான் அதிகம் சூடேற்றும். நேராக இருக்கும்போது உறுதியாக, குறைந்த நேரம் அழுத்தி, விட்டுவிடுங்கள். ஆனால் முதல் நாளில் எல்லோரையும்விட முன்னாலேயே அழுத்தத் தொடங்குங்கள். இடது காலால் பிரேக் போட ஆசை வரும், கிளட்ச் இல்லாததால் அந்தக் கால் சும்மா இருக்கும். வேண்டாம். பழகாத இடது கால் கிளட்சை மிதிப்பது போலத் தடாலென்று மிதிக்கும். இரண்டு பெடலும் சேர்ந்து அழுந்தினால் பல கார்கள் இன்ஜின் விசையை வெட்டிவிடும். நின்ற இடத்தில் இருந்து பாய்ந்து கிளம்ப வைக்கும் லாஞ்ச் கண்ட்ரோலையும் ட்ராக் டேயில் தொடாதீர்கள். அதில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை, கியர்பாக்ஸ்தான் தேயும்.

நிறுத்திக்கொள்ள வேண்டிய அடையாளங்கள் இவை: பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போவது, எரிந்த ரெசின் வாசனை, கியர் தயங்கித் தயங்கி விழுவது, கியர்பாக்ஸ் வெப்ப எச்சரிக்கை, ஸ்டீயரிங்கில் புது அதிர்வு. 'இன்னும் ஒரு லேப்' என்று தோன்றும். அந்த ஒரு லேப்பில்தான் நான் மாட்டினேன். கையை வெளியே காட்டி, ஓரமாக, மெதுவாகப் பிட்டுக்கு வந்துவிடுங்கள். 15 நிமிட செஷனில் சூடேற்ற ஒன்று, ஆற்ற ஒன்று போக, நான்கு வேகமான லேப் போதும். இரண்டு ஓட்டி, ஒன்று ஆற்றி, மறுபடி இரண்டு ஓட்டினால் கார் நாள் முழுக்கத் தாங்கும்.

8. கூல் லேப்பும் பிட்டில் நிறுத்துவதும்

கடைசி லேப்பை மேல் கியரில், பிரேக்கையே தொடாத வேகத்தில் ஓட்டுங்கள். காற்று பட்டு டிஸ்க், கியர் ஆயில், டர்போ எல்லாம் ஆறும்.

பிட்டில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பேடின் பொருள் ஒட்டி, பிறகு பிரேக் போடும்போதெல்லாம் நடுங்கும். சமதளத்தில் நிறுத்தி, பி போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பல ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜினை அணைத்ததும் எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் தானே விழும். அதைத் தடுக்கும் வழியை வீட்டிலேயே கையேட்டில் கண்டுபிடித்து வையுங்கள். பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே நிற்பதும் இதே தவறுதான். இன்ஜினை ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள்.

உடனே டயர் காற்றைப் பாருங்கள். கிளம்பும்போது 33 இருந்தது சூட்டில் 40 பக்கம் ஏறியிருக்கும். கார் கம்பெனி சொன்ன அளவைவிட ஓரிரண்டு கூடுதலாக இருக்கும்படி இறக்கிவிடுங்கள், பிடி கூடும். முதல் செஷனுக்குப் பிறகு சக்கரம் ஆறியதும் வீல் போல்ட்களை ரென்ச்சால் சரிபாருங்கள். பல ஜெர்மன் கார்களில் 120 அல்லது 140 நியூட்டன் மீட்டர், உங்கள் கையேட்டில் இருப்பதே முடிவு. அப்புறம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். ஜன்னலைத் திறந்து, ஹெல்மெட்டோடு பகல் பன்னிரண்டு மணிக்கு ஓட்டும்போது உடம்பு எவ்வளவு வற்றுகிறது என்பது தலை சுற்றும்போதுதான் தெரியும். களைப்பாக இருந்தால் கடைசி செஷனை விட்டுவிடுங்கள்.

9. வீடு திரும்பும் முன்

இறக்கிய டயர் காற்றை மறுபடி ஏற்றுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான். சூட்டில் சரியாக இருந்த டயர் ஆறியதும் 28-க்கு வந்துவிடும், அதோடு ஹைவேயில் போகக் கூடாது. பேடின் கனம், டயரின் தோள்பட்டை, சக்கரத்தின் உள்பக்கம் கசிவு, மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் பெடல் லேசாகப் பஞ்சாக இருந்தாலும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மீட்பு வண்டியை அழையுங்கள். கிளம்பும் முன் அரை மணி நேரம் சும்மா இருங்கள். ட்ராக்கில் இருந்து நேராக ரோட்டுக்கு வந்தால் 100 கிலோமீட்டர் வேகம் நடப்பது போலத் தோன்றும், பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த வாரத்துக்குள் பிரேக் ஆயிலை ஒரு தடவை வடித்து மாற்றுங்கள், சக்கர அலைன்மென்ட் பாருங்கள்.

10. எனக்கு ஆன செலவு

இது என் கணக்கு. உங்கள் காரைப் பொறுத்து ஏறும், இறங்கும். நுழைவுக் கட்டணம் 12,000 ரூபாய். ஹெல்மெட் 9,000. பிரேக் ஆயில் மாற்றியது, கூலியோடு 8,000. பயிற்சியாளர் இரண்டு செஷன் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு 4,000. அன்றைக்குச் செலவழித்ததிலேயே உபயோகமானது இந்தக் கடைசித் தொகை. காரில் எந்த மாற்றமும் செய்யாமல் அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுங்கள்.

பெட்ரோல் ட்ராக்கில் லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான். நான்கு செஷனில் 90 கிலோமீட்டர் ஓடினேன், ஏறக்குறைய 28 லிட்டர், 3,000 ரூபாய். பேட் செட்டில் பாதி ஒரே நாளில் போனது, அடுத்த முறைக்கு முன் மாற்ற 18,000 ஆனது. முன் டயர்களின் ஆயுள் நாலில் ஒரு பங்கு குறைந்தது. உடைந்த அடித் தகடு 6,500.

முதல் தடவை போகிறவர் கையில் 40,000 ரூபாய் ஒதுக்கிவைப்பது நல்லது, அதற்கு மேல் மீட்பு வண்டிக்கென்று ஒரு 10,000 தனியாக. தேதி கிடைத்ததும் முதல் வேலையாக மெக்கானிக்கிடம் பிரேக் ஆயிலுக்கு நேரம் வாங்குங்கள்.